செக் ஜாவா: மக்கள் கைகொடுத்த அறிவியல்

சிங்கப்பூரின் வடகிழக்கே உள்ள தீவு புலாவ் உபின். அதன் கிழக்கு முனையில் ஏறக்குறைய 100 ஹெக்டர் பரப்பில் அமைந்துள்ளது செக் ஜாவா ஈரநிலம். மணற்கரை, பாறைக்கரை, கடற்புல் படுகை, பவளச் சிதைவுகள் நிறைந்த திட்டு, சதுப்புநிலக் காடு, கரையோரக் காடு ஆகிய ஆறு வகை வாழிடங்கள் அங்கே அருகருகே உள்ளன. கடல்நீர் வற்றும் நேரத்தில் நட்சத்திர மீன்களும் கடல் வெள்ளரிகளும் நண்டுகளும் கண்ணுக்குத் தெரியும்.

இந்த இடம் ஒரு காலத்தில் மண்ணுக்குள் மறைய இருந்தது. நிலப் பற்றாக்குறை உள்ள நம் நாட்டில், கடலைத் தூர்த்து நிலமாக்குவது புதிதன்று. அவ்வாறே செக் ஜாவாவிலும் நில மீட்புப் பணியைத் தொடங்கத் திட்டமிடப்பட்டிருந்தது. அங்குள்ள உயிரின வளத்தைப் பற்றி அப்போது பலருக்குத் தெரியாது.

2001ஆம் ஆண்டில் செய்தி பரவியது. கடல்நீர் வற்றும் நாள்களில் மக்கள் குடும்பத்தோடு அங்குச் சென்று பார்த்தனர். பலர் தங்கள் கருத்தை எழுதி அனுப்பினர். அதே வேளையில், ராஃபிள்ஸ் பல்லுயிர் ஆய்வு அரும்பொருளகத்தைச் சேர்ந்தோரும் தொண்டூழியர்களும் சேற்றில் இறங்கினர். கரை மறைவதற்கு முன், அங்கு என்னென்ன உயிரினங்கள் வாழ்கின்றன என்பதைப் பதிவு செய்வதே அவர்களின் நோக்கம். ஆய்வாளர்களின் வழிகாட்டுதலில் பொதுமக்களும் அளவெடுத்தனர், குறிப்பெடுத்தனர்.

மக்களின் கருத்துகளையும் வல்லுநர்களின் ஆலோசனைகளையும் அரசாங்கம் கேட்டறிந்தது. 2001ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் நில மீட்புப் பணி ஒத்திவைக்கப்படுவதாக அறிவிக்கப்பட்டது. புலாவ் உபின் மேம்பாட்டுப் பணிகளுக்குத் தேவைப்படாத வரையில் செக் ஜாவா அப்படியே விடப்படும் என்பதே அந்த முடிவு. 2007ஆம் ஆண்டில் அங்கு நடைபாலம் திறக்கப்பட்டது.

இந்நிகழ்வில் இரண்டு வகைக் கேள்விகள் கலந்திருந்ததை நாம் கவனிக்க வேண்டும். ‘இங்கே எத்தனை வகை உயிரினங்கள் உள்ளன? கரையைத் தூர்த்தால் அவற்றுக்கு என்ன நேரும்?’ என்பவை முதல் வகை. இவற்றுக்கு அறிவியல் விடை தரும். ‘வீடுகளுக்கும் சாலைகளுக்கும் நிலம் வேண்டும், இயற்கையும் வேண்டும். எதற்கு முதலிடம் தருவது?’ என்பது இரண்டாம் வகை. இதற்கு ஆய்வுக்கூடத்தில் மட்டும் விடை கிடைக்காது. அனைவரும் கலந்து பேசித்தான் முடிவெடுக்க வேண்டும். ஆனால், முதல் கேள்விகளுக்குச் சரியான விடை இல்லாமல் இரண்டாம் கேள்வியைப் பற்றிப் பேசினால், அது வெறும் வாய்ச்சண்டையாகவே முடியும்.

இதனால்தான் அறிவியல் கல்வி ஆய்வாளர்கள் பலர், சமூகத்தில் உண்மையாகவே எழும் சிக்கல்களை வகுப்பறைக்குக் கொண்டுவர வேண்டும் என்கின்றனர். பாடநூலில் உள்ள சோதனைக்கு விடை முன்பே தெரியும். உண்மையான சிக்கலுக்கோ விடை தெரியாது. அங்கே மாணவர்கள் சான்றுகளைத் தேட வேண்டும். மாற்றுக் கருத்தையும் கேட்க வேண்டும். தங்கள் முடிவுக்குக் காரணம் கூற வேண்டும்.

இத்தகைய பங்களிப்புக்குப் பட்டம் தேவையில்லை. பொறுமையும் நேர்மையும் தேவை. 2007ஆம் ஆண்டு முதல் தொண்டூழியர்கள் நம் கரைகளில் கடற்புல்லைக் கண்காணித்து வருகின்றனர். 50 மீட்டர் நீளமுள்ள அளவு நாடாவை விரித்து, குறிப்பிட்ட இடைவெளிகளில் 50 சென்டிமீட்டர் சதுரச் சட்டத்தை வைக்கின்றனர். சட்டத்திற்குள் எத்தனை விழுக்காடு புல் உள்ளது எனக் குறிக்கின்றனர். புல்லே இல்லையென்றால் ‘0’ என எழுதுகின்றனர். அந்தப் பூஜ்யமும் ஒரு சான்றுதான். அழகான இடத்தை மட்டும் தேர்ந்தெடுத்து அளந்தால், அந்தக் கணக்கு யாருக்கும் பயன்படாது.

முன்பே பதிவு செய்து வைப்பதன் பயன், 2007ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தெளிவாகத் தெரிந்தது. அப்போது பெய்த கனமழையால் கடல்நீரின் உப்புத்தன்மை குறைந்து, செக் ஜாவாவில் பல உயிரினங்கள் மடிந்தன. அங்கு முன்பு என்ன இருந்தது என்பது தெரிந்திருந்ததால்தான், இழந்தது எது, மீண்டு வந்தது எது என்று ஒப்பிட முடிந்தது.

செக் ஜாவாவைப் பற்றிய முடிவு ஒத்திவைப்புதான். என்றென்றைக்குமான உறுதிமொழி அன்று. எனவே, அதைப் பற்றிய கேள்வி மீண்டும் எழக்கூடும். அப்போது அதற்கு விடை தேடுபவர்களுள் இன்றைய மாணவர்களும் இருப்பார்கள். உங்கள் பள்ளிக்கு அருகிலுள்ள கால்வாயிலோ பூங்காவிலோ இன்று என்னென்ன உயிரினங்கள் வாழ்கின்றன என்று உங்களால் கூற முடியுமா?