மலைக் குடியிருப்புகளின் புனருத்தாரணம்: பங்காளியும் உபகாரியும்

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறும் மலைச்சாலையில் பர்லியார் அமைந்திருக்கிறது. 1871ம் வருஷத்தில் இங்கு ஏற்பட்ட சர்க்கார் பழத்தோட்டத்தில் மங்குஸ்தான், துரியன், ஜாதிக்காய், கிராம்பு முதலிய அபூர்வ மரங்கள் செழித்து நிற்கின்றன. பருவகாலத்தில் சாலையோரக் கடைகளில் பழ வியாபாரம் மும்முரமாக நடைபெறும். ஆனால் இதே சரிவுகளிலுள்ள காட்டுக்குள்ளே குறும்பரும் இருளரும் வசிக்கும் சிறு குடியிருப்புகளின் நிலைமை வேறு. நோயாளியைத் தொட்டில் கட்டிச் சாலைவரை சுமந்து வரும்படியான கஷ்டம் அவற்றிற் சிலவற்றில் நெடுங்காலம் இருந்து வந்தது. செல்வம் விளையும் மலையிலேயே வறுமையும் குடியிருப்பதற்குக் காரணம் என்ன, அதைப் போக்கும் முயற்சியில் வெளியார் எவ்வாறு சேர வேண்டும் என்பதே இப்பாடத்தின் விஷயம்.

‘கூட்டு முயற்சி’ என்ற சொல் இக்காலத்தில் எல்லாத் திட்டங்களிலும் காணப்படுகிறது. கட்டடம் எழுப்பித் திறப்பு விழா நடத்திவிட்டுப் போகிறவரும் தம்மைக் கூட்டாளி என்றே சொல்லிக்கொள்கிறார். தமிழிலோ பங்காளி என்ற சொல்லுக்குத் திட்டமான பொருள் உண்டு. சொத்தில் பாகமும், சொத்தைப் பற்றிய பேச்சில் வாயும் உள்ளவனே பங்காளி. இவ்விரண்டும் குடியிருப்பு ஜனங்களுக்கு உண்டா என்று கேட்டால் எந்தத் திட்டத்தின் தன்மையும் விளங்கிவிடும்.

இதற்கு உதாரணம் தேடி வெகுதூரம் போகவேண்டுவதில்லை. நீலகிரி ஜில்லாவின் மேற்குக் கோடியிலுள்ள கூடலூரில் அது கிடைக்கிறது. அங்கே பணியர், பெட்டக்குறும்பர், முள்ளுக்குறும்பர், காட்டுநாயக்கர், இருளர் ஆகிய ஐந்து வகுப்பு ஆதிவாசிகள் வசிக்கின்றனர். அப்பிரதேசத்து நிலம் பெரும்பாலும் நிலம்பூர்க் கோவிலகத்தின் ஜன்ம பாத்தியதையில் இருந்தது. தோட்ட முதலாளிகள், கேரளத்திலிருந்து வந்த குடியானவர்கள், 1964ம் வருஷத்து ஒப்பந்தத்தின்பின் இலங்கையிலிருந்து திரும்பிய தமிழர் என்று பலரும் வந்து குடியேறினார்கள். பின்னவர்களும் கதியற்றவர்களே என்பதை மறக்கலாகாது. ஆனால் காகிதம் ஏதும் இல்லாமல் தலைமுறை தலைமுறையாக நிலத்தை அனுபவித்து வந்த ஆதிவாசிக்கே நஷ்டம் அதிகம். ஜன்ம எஸ்டேட்டுகளை ஒழிக்க 1969ல் சட்டம் இயற்றப்பட்டும், வழக்குகளால் நிலப் பிரச்சினை தீராமலே நீடித்தது.

1980களின் மத்தியில் ஸ்டான் தேக்கேகராவும் அவர் மனைவி மாரியும் அக்கார்டு என்னும் ஸ்தாபனத்தை அங்கு துவக்கினர். அவர்கள் முதலில் பள்ளிக்கூடமோ ஆஸ்பத்திரியோ கட்டவில்லை. ஊர் ஊராகச் சங்கம் கூட்டி, நிலத்தைப் பற்றிப் பேசச் செய்தார்கள். அச்சங்கங்களே ஆதிவாசி முன்னேற்றச் சங்கமாகத் திரண்டன. 1988ம் வருஷம் டிசம்பர் மாதம் சுமார் 10,000 ஆதிவாசிகள் கூடலூர் வீதிகளில் ஊர்வலம் சென்றனர். அதுவரை சந்தைக்கு வரவும் கூசியவர்கள் பலர் அதில் இருந்தனர்.

நிலத்தை மீட்பதில் அவர்கள் கையாண்ட உபாயம் மிகவும் கவனிக்கத்தக்கது. ராகி விதைத்த காடு அறுவடைக்குப்பின் வெறுமையாகக் கிடக்கும். யார் வேண்டுமானாலும் உள்ளே நுழையலாம். தேயிலையும் காப்பியும் மிளகும் பல்லாண்டுப் பயிர்கள். செடி நின்றால் அனுபவம் நிற்கும், அனுபவம் நின்றால் வாதாட இடமுண்டு. ஆகவே அக்குடும்பங்கள் தங்கள் சிறு நிலங்களில் தேயிலை நட்டன. தங்களைக் கூலிகளாக்கிய பயிரையே தங்கள் உரிமைக்குச் சாட்சியாக்கிக் கொண்டார்கள்.

வைத்தியம் அதன்பின் வந்தது. ஆதிவாசிப் பெண்கள் தாதிகளாகப் பயிற்சி பெற்றனர். 1990ல் கூடலூர் ஆதிவாசி ஆஸ்பத்திரி ஏற்பட்டது. ஜனங்கள் வருஷந்தோறும் சொற்பத் தொகை செலுத்தும் நோய்க்கால இன்ஷூரன்ஸும் ஏற்பாடாயிற்று. 1998ல் ஒரு தேயிலைத் தோட்டமே ஆதிவாசிகளின் பொதுச் சொத்தாக வாங்கப்பட்டது. ஆனால் அக்காலத்தையொட்டியே பச்சைத் தேயிலை விலை சரிந்தது. நிலம் கைக்கு வந்தும் விலை பிறர் கையில் இருப்பதை அவர்கள் கண்டார்கள். விளைவிப்போரும் வாங்குவோரும் ஒரே வியாபாரத்தில் பாகஸ்தராகும் ‘ஜஸ்ட் சேஞ்ச்’ என்னும் ஏற்பாடு இந்த அனுபவத்திலிருந்து பிறந்ததாகும்.

வறுமை என்பது பணமின்மை மட்டுமன்று என்பதற்குச் சீமையிலும் சான்று உண்டு. 1994ல் தேக்கேகரா தம்பதிகள் கிளாஸ்கோ நகரத்தையடுத்த ஈஸ்டர்ஹவுஸ் என்னும் பேட்டையைச் சென்று பார்த்தார்கள். நெரிசலான குடியிருப்புகளிலிருந்து ஏழைகளை அகற்றி வைப்பதற்காக இரண்டாம் யுத்தத்தின் பின் அது கட்டப்பட்டது. அங்கே வீடும் தொலைக்காட்சிப் பெட்டியும் இருக்க, இவர்களை ஏழை என்பானேன் என்று முதலில் திகைத்தவர்கள், வருஷக்கணக்காக வேலையின்றி நம்பிக்கை இழந்த ஆடவரைக் கண்டபின் கூடலூரின் சாயலை அங்கும் உணர்ந்தார்கள். 1998ல் இங்கிலாந்து சர்க்கார் 39 பின்தங்கிய பேட்டைகளில், ஒவ்வொன்றுக்கும் சுமார் 5 கோடி பவுன் வீதம், பத்து வருஷத் திட்டம் ஒன்றைத் தொடங்கினர். நிர்வாகக் குழுக்களில் குடியிருப்போருக்கும் ஸ்தானம் அளிக்கப்பட்டது. முடிவில் செய்த மதிப்பீட்டில் வீடு, தெரு, சுற்றுப்புறம் இவற்றில் அபிவிருத்தி நன்றாகத் தெரிந்தது. வேலையிலும் படிப்பிலும் அவ்வளவு தெரியவில்லை. குழுவில் நாற்காலி கிடைப்பது ஒன்று. பிழைப்புக்கான சொத்தில் பாகம் கிடைப்பது வேறொன்று.

பர்லியார்ச் சரிவுகளில் சொத்து என்பது காடுதான். தேன், மெழுகு, நெல்லி, சீயக்காய் ஆகியவற்றை எடுக்க அறிந்தவர் அங்குள்ள ஜனங்களே. விலை வைப்பவர் வெகுகாலம் வியாபாரியாகவே இருந்தார். கோத்தகிரியிலுள்ள கீஸ்டோன் ஸ்தாபனத்தின் முயற்சியிலிருந்து 2013ல் கிளைத்த ஆதிமலைப் பழங்குடியினர் உற்பத்தியாளர் கம்பெனியில் பங்குதாரர் பழங்குடி மக்களே. காட்டின்மீது பாத்தியதை கோர 2006ம் வருஷத்து வன உரிமைச் சட்டம் வழிசெய்கிறது. தமிழ்நாட்டில் 2008ல் உயர்நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவால் உரிமைப் பத்திரம் வழங்குவது தடைப்பட்டு, 2016ல் தான் அத்தடை நீங்கிற்று. எட்டு வருஷம் வீணானது சிறு நஷ்டமன்று.

இச்சட்டப்படி மனுவை முதலில் பரிசீலிக்க வேண்டியது கிராம சபை. சப்டிவிஷன் அளவிலான குழு அதன் பின்னரே. சபை தேர்ந்தெடுக்கும் வன உரிமைக் குழுவில் 10 முதல் 15 அங்கத்தினர் வரை இருக்கலாம்; மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாமல் பழங்குடியினரும், மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் பெண்களும் இருத்தல் வேண்டும். சபைக்கு வயது வந்தோரில் பாதிப்பேர் வரவேண்டும். வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கினராவது பெண்களாயிருக்க வேண்டும். சாலையோரத்தில் பஞ்சாயத்துக் கட்டடத்தில் கூட்டம் வைத்தால் காட்டுக் குடியிருப்புகளிலிருந்து இத்தனை பேர் ஏறி வருவது அரிது. அந்தந்தக் குடியிருப்பிலேயே சபை கூட்டச் சட்டம் இடங்கொடுக்கிறது. பலாப்பழக் காலத்தில் யானைகள் இச்சரிவுகளுக்கு ஏறி வருமாதலால், அம்மாதங்களில் கூட்டத்தை முற்பகலிலேயே தொடங்கி, பொழுது சாய்வதற்கு வெகுமுன்னரே முடித்துவிட வேண்டும்.