மலைக்காட்டில் பொதிக்குதிரைகளுடன் இரவு தங்குதல்

பழனி மலைத்தொடரில் வெள்ளகவி முதலிய ஊர்களின் விளைபொருள்கள் நெடுங்காலம் குதிரை முதுகிலேயே இறங்கி வந்தன. வழியில் குதிரை நோயுற்றால் அதன் சொந்தக்காரனுடைய ஜீவனமே நின்றுவிடும். ஆதலின், காட்டில் இரவு தங்குவோர் பின்வருவனவற்றைக் கைக்கொள்ளுதல் அவசியம்.

1. இடம்: ஓடைக்கு 200 அடிக்கு அப்பால், மேடான உலர்ந்த தரையே உத்தமம்.

2. கட்டுதல்: மரத்தில் நேரே கட்டினால் குதிரை பட்டையைக் கடித்து வேரை மிதிக்கும். இரு மரங்களுக்கிடையே, அதன் தலைக்கு மேலாக வடம் இழுத்து, அதில் கட்டுக. கயிறு காலிற் சிக்கலாகாது.

3. தீனி: குதிரையால் வாந்தியெடுக்க இயலாது, தின்ற தீங்கு உள்ளேயே நிற்கும். ஆகவே, களைப்பாறிய பின் முதலில் ஜலமும், அப்பால் ஊறிய கொள்ளைச் சிறிது சிறிதாகவும் கொடுக்க. பெரணிச் செடிகளை மேயவிடலாகாது. அவற்றுட் சில நரம்புகளைக் கெடுக்கும்.

4. முதுகு: சேணம் இறக்கியதும் தடவிப் பார்க்க. வீக்கமோ புண்ணோ இருப்பின் மறுநாள் பாரம் ஏற்றலாகாது.

5. ஈக்கடி: இரத்தங் குடிக்கும் பெரிய ஈக்கள் 'சர்ரா' நோயைப் பரப்பும். இந்நோய்க் கிருமியை 1880-இல் கிரிஃபித் எவன்ஸ் கண்டறிந்தார். விட்டுவிட்டு வரும் காய்ச்சல், மெலிவு, கால் வீக்கம் இதன் குறிகள். சிகிச்சையின்றேல் குதிரை பெரும்பாலும் பிழைப்பதரிது. குறி கண்டவுடன் தாமதியாது கால்நடை வைத்தியரை நாடுக.