காமாலையும் பீலித் தண்ணீரும்

தோட்டத்தில் ஒருவருக்குக் கண் மஞ்சளித்தால் நம்மிடையே தீர்ப்பு உடனே வந்துவிடுகிறது. ஆண் என்றால், "குடிச்சே ஈரலைக் கெடுத்துக்கிட்டான்" என்கிறார்கள். பெண்ணோ பிள்ளையோ என்றால் மந்திரிக்கவும் கீழாநெல்லி அரைக்கவும் ஓடுகிறார்கள். பீலித் தண்ணீரை எவரும் சந்தேகிப்பதில்லை.

காமாலை என்பது ஒரு தனி நோயன்று. ஈரல் தன் வேலையைச் செய்ய இயலாமல் தவிப்பதன் அடையாளம். வலது விலா எலும்புகளின் கீழ், ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ எடையில் இருக்கும் இவ்வுறுப்பு நஞ்சை முறிக்கிறது, பித்தத்தைச் சுரக்கிறது. பழைய இரத்த அணுக்கள் அழியும்போது உண்டாகும் மஞ்சள் பொருளை வெளியேற்றுவதும் அதுவே. அது தடைப்பட்டால் கண் மஞ்சளிக்கும். சிறுநீர் கறுத்த சாயத் தேத்தண்ணீர் போலாகும்.

நம் லயங்களில் முதலில் நினைக்க வேண்டியது 'ஏ' வகை ஈரல் அழற்சியை. இதன் கிருமி மலத்தோடு வெளியேறி, தண்ணீர் வழியாகவும் கழுவாத கை வழியாகவும் வாய்க்குள் போகிறது. 2007 இல் கம்பளையில் இது பரவியது நினைவிருக்கலாம். மேட்டு லயத்து மலசலகூடத்துக்குக் கீழே ஊற்று, அதற்குக் கீழே பீலி என்று அமைந்த இடங்கள் நம் மலைகளில் இன்னும் உண்டு. கிருமி புகுந்து ஏறக்குறைய நான்கு வாரத்தில்தான் நோய் தெரிகிறது. கண் மஞ்சளிப்பதற்கு ஓரிரு வாரம் முன்பே நோயாளி கிருமியைப் பரப்பத் தொடங்கிவிடுகிறார். சிறு பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் மஞ்சளே தெரியாது; ஆனால் அவர்களிடமிருந்தும் பரவும். பிள்ளைக் காம்பராவில் சவர்க்காரம் இல்லையென்றால் மற்றதையெல்லாம் பேசிப் பயனில்லை.

கொழுந்து மலைக்குத் தேத்தண்ணீர் கொண்டுபோகும் பெண்கள் தம்மை அறியாமலே காத்துக்கொள்கிறார்கள், ஏனெனில் அது கொதித்த நீர். ஆபத்து, களைத்து இறங்கி வரும்போது பீலியில் கையேந்திக் குடிக்கும் அந்த ஒரு மிடறில்தான்.

'ஏ' வகை பெரும்பாலும் தானாகவே ஆறிவிடும். ஆறிய பின் புகழ் மந்திரித்தவருக்குப் போகிறது. அதே நம்பிக்கையில் 'பி' வகையையும் கசிப்பினால் கெட்ட ஈரலையும் வீட்டிலேயே வைத்திருந்து, வயிறு வீங்கிய பின் ஆஸ்பத்திரிக்குத் தூக்குகிறோம். இங்கே நம் பங்கையும் ஒப்புக்கொள்ள வேண்டும். மறையுரைகளில் குடியைப் பாவம் என்றோம். ஈரல் வலியின்றியே பல ஆண்டுகள் கெடும் என்றோ, இறுகித் தழும்பாகுமுன் குடியை நிறுத்தினால் பெரிதும் தேறும் என்றோ சொல்லவில்லை. குடிகாரப் பட்டத்துக்கு அஞ்சியே பலர் சோதனைக்குப் போவதில்லை. குடித்த உடம்பில் அளவுக்கு மிஞ்சிப் பனடோல் விழுங்குவது ஈரலுக்கு இன்னொரு அடி.

'பி' வகைக்கு 2003 முதல் நம் நாட்டில் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடப்படுகிறது. அதற்கு முன் பிறந்த பலருக்கு அது கிடைக்கவில்லை. அவர்கள் வைத்தியரிடம் கேட்டுக்கொள்ளட்டும். கைக்குழந்தையின் அட்டையைக் குடும்பநல மாதுவிடம் காட்டிச் சரிபாருங்கள்.

சிறுநீர் கறுத்தால் அன்றே டிஸ்பென்சரிக்குப் போக வேண்டும். ஒரு நாள் பேர் போனாலும் சரி. ஒரே லயத்தில் இருவருக்குக் காமாலை கண்டால், சங்கத் தலைவரும் தாய்மாரும் சேர்ந்து ஊற்றுவரை ஏறிப் பாருங்கள். மேலே கண்டதைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு எழுத்தில் கொடுத்து, பிரதியைத் தோட்ட அலுவலகத்திலும் கையொப்பம் வாங்கி ஒப்படையுங்கள்.