குப்புறப் பாயும் வீரர்கள்

கேள்வி: ஐஸ் பாதையில் தலையை முன்னே நீட்டிப் பாயும் ஸ்கெலிடன் பந்தயத்தில் பனியே பார்க்காத நாட்டவர்க்கு இடமுண்டா? (வாசகர், கூலாய், ஜொகூர்)

பதில்: உண்டு. 2018 பியோங்சாங் ஒலிம்பிக்கில் கானாவின் அக்வாசி ஃபிரிம்போங் கலந்துகொண்டார். கடைசி இடம்தான், இருக்கட்டுமே! அவர் முன்னாள் ஓட்டக்காரர். குனிந்தபடி சறுக்குவண்டியைத் தள்ளி ஓடி, அதன்மேல் குப்புறப் பாய வேண்டும். அந்த ஓட்டத்தை ஜொகூர் வெயிலிலேயே பழகலாம். பிறகு மணிக்கு 120 கிலோமீட்டருக்கு மேல் வேகம், பிரேக் கிடையாது. தோளாலும் முழங்காலாலும்தான் திருப்ப வேண்டும்.

மல்லாந்து, கால் முன்னே போகும் லூஜ் இதன் பங்காளி. அதில் இந்தியாவின் சிவ கேசவன் 1998 முதல் ஆறு ஒலிம்பிக் கண்டவர். வண்டியில் சக்கரம் மாட்டி, இமயமலைச் சாலையில் லாரிகளுக்கு நடுவே பயிற்சி எடுத்தார். நீங்கள் அதைச் செய்ய வேண்டாம். ஐஸ் பாதைக்குத் தென்கொரியாவோ சீனாவோ போகலாம். செலவுதான் மலைக்க வைக்கும்.