எதிர்மலையைப் பார்த்துத் தைக்கும் போர்வை

ஒட்டுத்துணிப் போர்வை ஒன்று தைக்க வேண்டும் என்ற ஆசை வந்ததும் கை முதலில் தேடுவது கைபேசியைத்தான். பிறர் தைத்து முடித்த போர்வைகளின் படங்கள் அதில் ஆயிரக்கணக்கில் கிடைக்கின்றன. எல்லாம் கண்ணுக்கு அழகு. ஆனால் ஒரு போர்வை எப்படி முடிந்தது என்பதை மட்டுமே அந்தப் படங்கள் காட்டும். எதனால் அந்தக் கோடு அங்கே வந்தது, எதனால் அந்த நிறம் அந்த அளவோடு நின்றது என்பது அவற்றில் இராது. காரணம் தெரியாமல் வடிவத்தை மட்டும் எடுத்துக்கொண்டால், அதே நீலத்தையும் அதே சாம்பலையும் தேடிக் கடை கடையாக ஏறி இறங்க நேரும். கிடைக்காதபோது வேலை பாதியில் நின்றுவிடும். இலங்கை மலையகத்தில், உடப்புசல்லாவையில் இருப்பவருக்கு இதைவிட நல்ல வழி இருக்கிறது. வாசலில் நின்றால் தெரிகிற எதிர்மலையில் காரணமில்லாத கோடு ஒன்றுகூட இல்லை. அந்தக் காரணங்களைப் படித்து, வீட்டில் இருக்கும் துணியோடு பொருத்தினால், வடிவம் தானே அமையும்.

இது புதிய யோசனையும் அல்ல. தக்கிணகிரிக்குப் போகும் வழியில் மகத நாட்டு வயல்களைக் கண்ட புத்தர், அந்த வரப்புகளின் அமைப்பில் சீவரம் தைக்க முடியுமா என்று தம் சீடர் ஆனந்தரிடம் கேட்டதாகவும், ஆனந்தர் தைத்துக் காட்டியதாகவும் விநய பிடகத்தின் மகாவக்கம் சொல்கிறது. இலங்கையில் பிக்குகள் இன்றும் உடுத்தும் சீவரத்தை உற்றுப் பார்த்தால் நீளமும் குட்டையுமான துண்டுகளும், அவற்றுக்கு இடையே வரப்பைப் போல ஓடும் பட்டைகளும் தெரியும். ஆனந்தர் நெற்கதிரையோ மாட்டையோ துணியில் வரையவில்லை. தண்ணீரைத் தேக்குவதற்காக உழவர் போட்ட வரப்பை, துண்டுகளை இணைக்கும் தையலாக மாற்றினார். நிலத்தின் படத்தை விட்டுவிட்டு நிலத்தின் ஒழுங்கை எடுத்துக்கொண்டார் என்பதுதான் நமக்கு இதில் பாடம்.

இன்னொரு சான்று அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், ஆற்று வளைவு ஒன்றில் இருக்கும் கீஸ் பெண்ட் என்ற கிராமம். பருத்தித் தோட்டத்தில் அடிமைகளாக இருந்தவர்களின் வழிவந்த பெண்கள் அங்கே வயலில் கிழிந்த காற்சட்டைகளையும் மாவுச் சாக்குகளையும் வெட்டிக் குளிருக்குப் போர்வை தைத்தார்கள். 1972இல் ஒரு பெரிய கடைக்காகக் கோடுபோட்ட வெல்வெட் போன்ற கார்டுராய் துணியில் தலையணை உறை தைக்கும் வேலை அந்தப் பகுதிக்கு வந்தது. வெட்டி மிஞ்சிய துண்டுகள் வீடுகளுக்குப் போய்ப் போர்வைகளின் நிறத்தையே மாற்றின. 2002இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகமும் அதே ஆண்டில் நியூயோர்க்கின் விட்னி அருங்காட்சியகமும் இந்தப் போர்வைகளைச் சுவரில் தொங்கவிட்டபோது, நவீன ஓவியத்துக்குப் பக்கத்தில் வைத்து விமர்சகர்கள் அவற்றைப் பேசினார்கள். இன்று நவீனப் போர்வை என்று சொல்லப்படுவதன் அடையாளங்கள் பெரிய வெற்றிடம், சமமில்லாத அமைப்பு, அச்சுப்பூ இல்லாத வெறும் நிறத் துணி ஆகியவை. அவற்றில் பெரும்பகுதி அந்தப் பெண்களிடம் ஏற்கெனவே இருந்தது. துணி குறைவாக இருந்ததும், பார்த்து நகலெடுக்க அச்சிட்ட மாதிரி இல்லாததும் அதற்குக் கைகொடுத்தன என்பது என் எண்ணம். தோட்டத்து மக்களின் கதை என்பதால் மலையகத்துக்கு இதைவிட நெருங்கிய உதாரணம் தேட வேண்டியதில்லை.

ஆகவே முதல் வேலை, பார்ப்பது. தோட்டத்தில் நம்பர் போட்டுப் பிரித்த மலைகளில் ஒன்றையும் அதை ஒட்டிய மலைகளையும் மட்டும் தேர்ந்துகொள்ளுங்கள். ஊர் முழுவதையும் போர்வைக்குள் அடைக்க முயன்றால் எதுவும் நிற்காது. காலையில் ஒருமுறை, வெயில் சாயும்போது ஒருமுறை பாருங்கள். பக்கத்துப் பக்கத்து மலைகள் ஏன் ஒரே பச்சையாக இல்லை? தேயிலையை மலைநாட்டில் நாலைந்து ஆண்டுக்கு ஒருமுறை கவ்வாத்து வெட்டுகிறார்கள். எல்லா மலையையும் ஒரே ஆண்டில் வெட்டினால் ஸ்டோருக்குக் கொழுந்து வராது என்பதால் முறைவைத்து வெட்டுகிறார்கள். அதனால்தான் கவ்வாத்து முடிந்த மலை பழுப்புக் குச்சியாகவும், அடுத்தது இளந்தளிராகவும், அதற்கடுத்தது கரும்பச்சையாகவும் நிற்கிறது. வித்துத் தேயிலை மலையில் செடிக்குச் செடி நிறம் மாறிப் புள்ளி விழுந்தாற்போல இருக்கும். ஒரே தாய்ச்செடியின் தண்டிலிருந்து வளர்த்த வீ.பி. தேயிலை மலை ஒரே சீராக இருக்கும். முதலாவதுக்குச் சிறு கட்டம் போட்ட சாரத்துணி பொருந்தும். இரண்டாவதுக்கு வெறும் நிறத் துணி. தண்ணீர் வடியும் கான்கள் சரிவுக்குக் குறுக்கே ஓடுவது மழைத்தண்ணீர் மண்ணை அள்ளிக்கொண்டு போகாமல் இருக்க. ரோட்டு வளைந்து வளைந்து ஏறுவது லொறியால் நேராக ஏற முடியாததால். பள்ளத்தில் லீக்ஸ், கரட், கோவாப் பாத்திகள் நெருக்கமான கோடுகளாகக் கிடக்கும். பார்த்த ஒவ்வொன்றின் பக்கத்திலும் அதன் காரணத்தை ஒரு வரியாக எழுதிவையுங்கள். காரணம் எழுத முடியாத கோட்டை விட்டுவிடலாம். போர்வையில் அது வெறும் அலங்காரமாகவே நிற்கும்.

தேயிலை மலை முழுக்கப் பச்சைதானே, போர்வை சலித்துப்போகாதா என்று கேட்பவர்கள் உண்டு. நிறம் குறைவாக இருப்பதை ஒரு குறையாக நான் கருதவில்லை. நாலு பச்சையும் ஒரு பழுப்பும் ஒரு வெள்ளையும் இருந்தால், ஒன்றுக்கொன்று எவ்வளவு வெளிச்சம், எவ்வளவு இருட்டு என்பதுதான் வடிவத்தைத் தூக்கிக் காட்டும். துணிகளை அடுக்கி, கைபேசியில் கறுப்புவெள்ளைப் படம் எடுத்துப் பாருங்கள். எல்லாம் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் தேர்வு சரியில்லை. மூன்று படி தெளிவாகத் தெரிந்தால் பச்சைக்குப் பதில் நீலமே கிடைத்தாலும் மலை மலையாகவே நிற்கும். ஏதாவது ஓரிடத்தில் மட்டும் பளிச்சென்ற நிறம் வைக்கலாம். ஒரு லயத்தின் தகரக் கூரை, கோயில் கொடி, கொழுந்தெடுப்பவரின் தலைத்துணி என்று அந்த மலையில் அதற்கும் ஒரு காரணம் இருக்கட்டும்.

இரண்டாவது வேலை துணி சேர்ப்பது. 1992இல் தொடங்கிய 200 ஆடைத் தொழிற்சாலைத் திட்டத்துக்குப் பிறகு கார்மண்ட் வேலை கிராமங்கள்வரை வந்தது. ஜூக்கி மெஷினில் பழகிய கை பல வீடுகளில் இருக்கிறது, வெட்டி மிஞ்சிய துணியும் நிறைக்கு வாங்கக் கிடைக்கிறது. அதில் இழுபடும் பனியன் துணியைத் தனியே ஒதுக்குங்கள். நெய்த துணியோடு சேர்த்துத் தைத்தால் சுருங்கி இழுக்கும். வீட்டில் அதிகம் சேர்வது பழைய பள்ளிச் சீருடையின் வெள்ளை. அதுவே மூடுபனிக்கான வெற்றிடம். பழைய துணி உழைக்குமா என்ற சந்தேகம் நியாயமானது. சட்டையில் கழுத்தும் முழங்கையும் தேய்ந்திருக்கும், முதுகுப்பக்கம் உறுதியாக இருக்கும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, இழை மெலிந்து தெரியும் இடத்தை வெட்டி எறிந்துவிடுங்கள். இரு கையாலும் இழுத்தால் கிழியாத துணி போர்வைக்குத் தாங்கும்.

வெள்ளையிலேயே இரண்டு மூன்று சாயல் வேண்டுமானால் தேயிலையே சாயம். உடப்புசல்லாவைத் தேயிலையின் சாயத்தில் லேசான இளஞ்சிவப்பு ஓடும் என்பது அதன் பெயர்பெற்ற குணம். டஸ்ட் தேயிலையைக் கடுமையாகக் கொதிக்கவைத்து வடித்து, நனைத்துப் பிழிந்த பருத்தித் துணியை அதில் ஊறவிடுங்கள்; நேரம் கூடக் கூட நிறம் ஏறும். துருப்பிடித்த ஆணி ஊறிய தண்ணீரைச் சிறிது சேர்த்தால் பழுப்பு, சாம்பலுக்குத் திரும்பும். இதை அளவோடு செய்ய வேண்டும், இரும்பு கூடினால் இழை பலவீனப்படும். பொலியெஸ்டர் கலந்த துணியில் சாயம் சரியாகப் பிடிக்காது. சந்தேகமிருந்தால் ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி சாம்பலாகும், பொலியெஸ்டர் உருகி மணியாகத் திரளும்.

மூன்றாவது, வரைதல். மூன்றடி அகலக் கட்டிலில் இருபுறமும் தொங்க 60 அங்குல அகலமும் 84 அங்குல நீளமும் போதும். கொப்பித் தாளில் 5 அங்குலத்துக்கு 7 அங்குலம் பெட்டி போட்டால், தாளில் ஓர் அங்குலம் துணியில் ஓர் அடி. அந்தச் சிறு பெட்டிக்குள் மலையை ஏழெட்டுக் கோடுகளுக்குள் வரைந்து முடியுங்கள். அதற்குமேல் கோடு தேவைப்பட்டால் பார்த்த பரப்பைக் குறையுங்கள். வெட்டும்போது நான்கு பக்கமும் கால் அங்குலம் தையலுக்கு விட வேண்டும்: 12 அங்குலத் துண்டுக்குப் பன்னிரண்டரை. கானின் வளைவுக்கு வளைத்து வெட்டத் தேவையில்லை. ஒரு முனை 3 அங்குலமும் மறுமுனை 2 அங்குலமுமாக வெட்டிய பட்டைகளை, குறுகிய முனைகள் ஒரே பக்கம் வரும்படி அடுத்தடுத்துத் தைத்தால் நேர்த்தையலிலேயே வளைவு வந்துவிடும். பத்துக்குப் பன்னிரண்டு அடி லயக் காம்பராவில் தரையில் பரப்ப இடம் இராது. பழைய பெட்சீட்டைச் சுவரில் தொங்கவிட்டு, துண்டுகளை ஊசியால் குத்திவைத்து, சில நாள் பார்த்த பிறகே தைக்கத் தொடங்குங்கள்.

இங்கே ஒரு கனமான மறுப்பை எதிர்கொள்ள வேண்டும். கவ்வாத்தும் கானும் கூலியும் வலியுமாக இருந்த நிலத்தை அழகு பார்த்துக் கட்டிலில் விரிப்பது சரியா? 1948இல் குடியுரிமையே பறிக்கப்பட்ட மலையகத் தோட்ட மக்களின் உழைப்பு அது. சுற்றுலாப் படத்தின் வேலை இந்தக் கேள்வியை மறைப்பது. மேகமும் பச்சையும் இருக்கும், கான் வெட்டியவர் இருக்கமாட்டார். காரணத்தோடு கோடு போடும் போர்வை அப்படியானது அல்ல. அதில் ஒவ்வொரு தையலும் யாரோ வெட்டிய ஒன்றைப் பின்தொடர்கிறது. கீஸ் பெண்டில் மிசூரி பெட்வே என்ற பெண், இறந்துபோன கணவரின் வேலை உடுப்புகளையே 1942இல் வெட்டிப் போர்வையாகத் தைத்தார். உழைத்துத் தேய்ந்த தடங்கள் அதில் அப்படியே இருக்கின்றன. துயரத்தை அது அழகாக்கி மறைக்கவில்லை. அதேபோல் வீட்டில் பழைய படங்குத் துணியோ கொழுந்துக் கறை படிந்த சேலையோ இருந்தால், கறையை வெட்டி எறியாமல் வடிவத்துக்குள் சேர்க்கலாம் என்பேன்.

மெஷின் இல்லாதவருக்குக் கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் வாழும் சித்தி என்ற சமூகத்துப் பெண்கள் கவண்டி என்ற போர்வையைத் தைக்கும் முறை உதவும். பழைய சேலையை அடியில் விரித்து, விளிம்பிலிருந்து தொடங்கிச் சுற்றிச் சுற்றி நடுவை நோக்கித் துண்டுகளை வைத்து ஓட்டத் தையல் போடுகிறார்கள். துண்டு இணைப்பதும் அடுக்குகளைச் சேர்ப்பதும் ஒரே வேலையில் முடிகிறது. உடப்புசல்லாவைக் குளிருக்கு நடுவில் பழைய கம்பளி ஒன்றை வைத்துக்கொள்ளலாம், ஆனால் அதை முன்கூட்டியே துவைத்துச் சுருங்கவிட வேண்டும். ஓட்டத் தையல்களைக் கட்டத்துக்கு அடங்கி நேராகப் போடாமல், கொழுந்தெடுப்பவர்கள் நிரை பிடித்துப் போகும் போக்கில் சரிவுக்குக் குறுக்கே, இரண்டு விரல் இடைவெளியில் ஓடவிடுங்கள். விளிம்பை இரண்டரை அங்குலப் பட்டையால் மடித்து மூடுங்கள். தேயிலைச் சாயத் துணி இருந்தால் முதல் சலவையைத் தனியே, குளிர்ந்த தண்ணீரில், மென்மையான சவர்க்காரத்தோடு செய்து நிழலில் உலர்த்த வேண்டும். கம்பளி வைத்த போர்வை ஈரத்தை விட நாளாகும் என்பதால், அந்தச் சலவையை ஜூலை முதல் செப்டம்பர் வரை வீசும் காய்ந்த காற்றுக் காலத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.