அண்ணன் போட்ட கையெழுத்து தம்பியைப் பூட்டுமா?

கேள்வி: ஐயா, விருதுநகர் மாவட்டத்தில் ஒரு கிராமம் எங்களுடையது. என் தம்பிக்கு 41 வயது, லாரி ஓட்டுகிறான். குடிப்பான். குடித்தால் வீட்டில் சத்தம் போடுவான். அது பொறுக்காமல் அவன் மனைவி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தாய்வீடு போய்விட்டாள். மூன்று மாதத்துக்கு முன் ஒரு ராத்திரி வேனில் நாலு பேர் வந்து, தூங்கிக்கொண்டிருந்தவனை அப்படியே தூக்கிக்கொண்டு போனார்கள். எங்கள் பெரியண்ணன் செய்த ஏற்பாடு. பக்கத்து மாவட்டத்தில் ஏதோ மறுவாழ்வு மையமாம். பார்க்கப் போனால், 'சேர்த்தவர் வந்தால்தான் பார்க்கலாம்' என்று கேட்டோடு திருப்பி அனுப்புகிறார்கள். இரண்டாம் தடவை போனபோது ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கட்டில் காலோடு அவன் காலைச் சங்கிலி போட்டுப் பிணைத்திருந்தார்கள். எங்கள் அப்பா வீடு இன்னும் பாகம் பிரிக்கவில்லை. போன வருஷம்தான் தம்பி பாகம் கேட்டான். போலீசில் சொன்னால், 'திருத்தத்தானே சேர்த்திருக்காங்க, குடும்பத்துக்குள்ள பேசிக்கோங்கம்மா' என்கிறார்கள். நான் என்ன செய்வது?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: சகோதரி, அண்ணன் போட்ட கையெழுத்து தம்பியைப் பூட்டாது. மனைவி போட்டாலும், பெற்ற தாய் போட்டாலும் அதேதான். இந்த மையங்கள் ஒரு படிவம் வைத்திருக்கும். அதில் 'கார்டியன்' என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் யாராவது ஒரு சொந்தக்காரர் கையெழுத்துப் போட்டு, முதல் மாதப் பணத்தையும் கட்டிவிட்டால் ஆளை அடைத்து வைக்கலாம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். நீதிமன்றமோ சட்டம் அதிகாரம் கொடுத்த அமைப்போ நியமித்தாலொழிய 41 வயதுக்காரருக்குக் கார்டியன் என்று ஒருவர் கிடையாது.

மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-இல் வந்தது. 2018 மே 29 முதல் நடைமுறையில் இருக்கிறது. 'இது பைத்தியக்கார ஆஸ்பத்திரி இல்லை, குடி நிறுத்தும் இடம். அந்தச் சட்டம் எங்களுக்கு இல்லை' என்று மையத்தார் சொல்லக்கூடும். நம்பாதீர்கள். மதுவாலும் போதைப்பொருளாலும் வரும் மனநிலைப் பாதிப்புகளையும் சேர்த்துத்தான் அந்தச் சட்டம் மனநோய்க்கு விளக்கம் தருகிறது. ஆகவே அந்த மையம் மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்திருக்கவேண்டும். அடுத்த முறை கேட்டில் நிற்கும்போது முதலில் பதிவு எண்ணைக் கேளுங்கள். சொல்லாமல் மழுப்பினால் அதையும் தேதியோடு குறித்துக்கொள்ளுங்கள்.

பதிவு இருந்தாலும், விருப்பமில்லாத ஒருவரை நினைத்த நேரத்தில் சேர்க்க முடியாது. பிரிவு 89-ன்படி ஒரு மனநல மருத்துவரும், இன்னொரு மருத்துவரோ மனநல வல்லுநரோ அவரைத் தனித்தனியாகப் பரிசோதித்திருக்கவேண்டும். அதுவும் சேர்க்கும் நாளில், அல்லது அதற்கு முந்தைய 7 நாட்களுக்குள். தனக்கோ பிறருக்கோ கேடு செய்யும் நிலையில், அல்லது தன்னைக் கவனித்துக்கொள்ளவே முடியாத நிலையில் அவர் இருக்கிறார் என்று இருவரும் முடிவுக்கு வந்திருக்கவேண்டும். 'குடிக்கிறான், சொன்னால் கேட்கவில்லை' என்பது அந்த நிலை ஆகாது. அப்படிச் சேர்த்தாலும் 30 நாள்தான். அதற்கு மேல் வைக்க இரண்டு மனநல மருத்துவர்களின் பரிசோதனையும், மனநல மறுஆய்வு வாரியத்தின் அனுமதியும் தேவை. உங்கள் தம்பி போய் மூன்று மாதம் ஆகிறது. வேனில் வந்த அந்த நாலு பேரில் மருத்துவர் ஒருவரும் இருந்திருக்கமாட்டார் என்றே நினைக்கிறேன்.

சங்கிலிக்கு வருவோம். 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலையில் ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகக் கொட்டகை தீப்பிடித்தது. 28 பேர் செத்தார்கள். ஓட முடியாதபடி சங்கிலியில் கிடந்தவர்கள் அவர்கள். இன்று பிரிவு 95 சங்கிலியை அடியோடு தடை செய்கிறது. எந்த விதமாகவும், எந்த வடிவத்திலும் கூடாது என்பது அதன் சொல். மருத்துவர் எழுதிக்கொடுத்தாலும் கூடாது. நீங்கள் ஜன்னல் வழியாகக் கண்டது ஒன்றே அந்த மையத்தின் மீது நடவடிக்கை எடுக்கப் போதும். கண்ட நாள், நேரம், எந்தப் பக்கத்து ஜன்னல், எந்தக் கால் என்று இன்றே ஒரு தாளில் எழுதி வையுங்கள். ஆறு மாதம் கழித்துக் குறுக்கு விசாரணையில் 'எந்தக் காலம்மா?' என்றுதான் கேட்பார்கள்.

'சேர்த்தவர் வந்தால்தான் பார்க்கலாம்' என்பதும் செல்லாது. யாரைப் பார்ப்பது, யாரோடு போனில் பேசுவது என்ற உரிமை பிரிவு 26-ன்படி உள்ளே இருப்பவருடையது. பணம் கட்டியவருடையது அல்ல. இன்னொன்று, பலருக்குத் தெரியாதது. தனக்காகப் பேச 'நியமனப் பிரதிநிதி' ஒருவரை அவரே தேர்ந்துகொள்ளலாம். அதற்கு ஸ்டாம்ப் பேப்பர் வேண்டாம், நோட்டரியும் வேண்டாம். வெள்ளைத் தாளில் எழுதிக் கையெழுத்தோ கைநாட்டோ வைத்தால் போதும். அவரைச் சந்திக்க வழி கிடைக்கும் முதல் நிமிடத்தில் உங்கள் பெயரை எழுதி வாங்குங்கள்.

இனி வேலை. போலீசார் சொன்னதை விடுங்கள். எழுத்து மூலம் புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது கேளுங்கள். பத்து நாளோ அதற்கு மேலோ ஒருவரைச் சட்டவிரோதமாக அடைத்து வைத்தால் பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 127(4)-ன்படி ஐந்து ஆண்டு வரை சிறை. 10,000 ரூபாய்க்குக் குறையாத அபராதமும் உண்டு. சொத்தை எழுதி வாங்குவதற்காக அடைத்து வைத்தால் அதற்குத் தனி உட்பிரிவு இருக்கிறது. போலீசார் புகாரை வாங்க மறுத்தால் அதை மாவட்ட எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.

அதோடு நிற்காமல், மையம் இருக்கும் பகுதியின் கோட்டாட்சியரிடமோ குற்றவியல் நடுவரிடமோ பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா பிரிவு 100-ன்கீழ் மனு கொடுங்கள். அடைபட்டவரைத் தேடி மீட்க வாரண்ட் பிறப்பிக்கும் அதிகாரம் இருவருக்கும் உண்டு. வக்கீல்களே அதிகம் எடுக்காத ஆயுதம் இது. எல்லாரும் நேராக ஆட்கொணர்வு மனுவுக்கு ஓடுகிறோம், நானும் ஓடியிருக்கிறேன். இது பலிக்காவிட்டால் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ஆட்கொணர்வு மனு. உடன்பிறந்தவர் என்ற முறையில் நீங்களே போடலாம்.

அந்த மனுவில் என்ன நடக்கும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். நீதிபதிகள் ஆளை முன்னால் நிறுத்தி அவரையேதான் கேட்பார்கள். என் கட்சிக்காரர் ஒருவரை இப்படி ஒரு மையத்திலிருந்து கொண்டுவந்து நிறுத்தினார்கள். 'எங்கே போக விரும்புகிறீர்கள்?' என்று கேட்டதற்கு, 'முதல்ல என் செருப்பு வேணும்யா' என்றார். ஓடிவிடக்கூடாது என்று சேர்த்த அன்றே செருப்பைப் பிடுங்கி வைத்துக்கொண்டார்களாம். நீதிமன்றத்துக்கும் வெறுங்காலோடுதான் வந்திருந்தார். அன்று மாலையே வீட்டுக்குப் போனார். உங்கள் தம்பி 'நான் அங்கேயே இருந்து குணமாகிறேன்' என்று சொல்லவும் கூடும். சொன்னால் அதுவும் அவர் உரிமை.

வீட்டுப் பாகம்: அடைத்து வைத்து வாங்கிய கையெழுத்து, ஒப்பந்தச் சட்டப்படி கட்டாயத்தால் பெற்றது, ரத்து செய்யக்கூடியது. விஷயம் தெரிந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் வழக்குப் போடவேண்டும். சார்பதிவாளரிடம் ஆட்சேப மனு கொடுத்து வையுங்கள். அவர் அதற்குக் கட்டுப்பட்டே ஆகவேண்டும் என்றில்லை. அதனால் உங்கள் பங்குக்கும் சேர்த்துப் பாகப்பிரிவினை வழக்கு போட்டுவிடுவது பலமான வழி. மாதம் ஒரு முறை வில்லங்கம் போட்டுப் பாருங்கள். 'அவன் மனநோயாளி, அவன் கையெழுத்து செல்லாது' என்று அண்ணன் பிறகு பல்டி அடித்தால் பயப்படவேண்டாம். மனநோய் இருக்கிறது என்பதாலேயே ஒருவர் புத்தி சுவாதீனம் இல்லாதவர் ஆகிவிடமாட்டார் என்று 2017 சட்டமே சொல்கிறது.

ஒன்று மனதில் பட்டது, சொல்லிவிடுகிறேன். உங்கள் கடிதம் ஒரு பக்கம்தான். அந்த மனைவி எத்தனை இரவு பயந்து கிடந்தாரோ, எனக்குத் தெரியாது. தம்பி வெளியே வந்ததும் நேராக அவர் வீட்டு வாசலில் கொண்டுபோய் விட்டுவிடாதீர்கள். குடும்ப வன்முறையிலிருந்து பாதுகாப்புக் கேட்க அவருக்கும் சட்டம் இருக்கிறது. தம்பி சம்மதித்தால், அவரே கையெழுத்துப் போட்டு அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் சிகிச்சை எடுக்கட்டும்.

வக்கீல் செலவுக்கு நகையை அடகு வைக்கவேண்டாம். பெண் என்ற ஒரே காரணத்துக்காக, வருமானம் எவ்வளவு இருந்தாலும், உங்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கிறது, தொலைபேசி 15100. தம்பியின் புகைப்படம், ஆதார் நகல், அந்த மையத்தின் பெயர்ப்பலகையைப் படம் பிடித்த ஒரு பிரிண்ட், இந்த மூன்றோடும் நாளைக் காலையே போய்விடுங்கள்.