பூட் ஆகாத லினக்ஸும் பெயர் மாறிய டிஸ்க்கும்

லினக்ஸ் போட்ட டெஸ்க்டாப்பில் இடம் பத்தவில்லை என்று புதிதாக ஒரு ஹார்ட் டிஸ்க் மாட்டுகிறீர்கள். பவர் பட்டனை அழுத்தினால் வெகுநேரம் காத்திருந்துவிட்டு ‘எமர்ஜென்சி மோட்’ என்று கருப்புத் திரையில் நிற்கிறது. நாளைக்கு ப்ராஜெக்ட் ரிவ்யூ! பழைய டிஸ்க் போச்சு, எல்லாத்தையும் ஃபார்மேட் பண்ணிடலாம் என்று தோன்றும். கொஞ்சம் பொறுங்க. டிஸ்க்குக்கு ஒன்றுமே ஆகாமல், அதன் பெயர் மட்டும் மாறியிருக்கலாம்.

பவர் வந்ததும் மதர்போர்டில் உள்ள யூஇஎஃப்ஐ முதலில் ஓடி, கிரப் என்ற பூட்லோடரை அழைக்கும். கிரப் இரண்டு ஃபைல்களை ரேமில் ஏற்றும்: ஒன்று கர்னல், இன்னொன்று இனிட்ராம்எஃப்எஸ். இரண்டாவது எதற்கு? டிஸ்க்கைப் படிக்க டிரைவர் வேண்டும். அந்த டிரைவரோ டிஸ்க்குக்குள்ளேயே இருக்கலாம். சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிய கதைதான்! அதனால் தேவையான டிரைவர்களைச் சின்ன மூட்டையாகக் கட்டி முன்கூட்டியே கையில் கொடுத்துவிடுகிறார்கள்.

அடுத்து கர்னல் ஹார்டுவேரைத் தேடும். முதலில் கண்ணில் பட்ட சாட்டா டிஸ்க்குக்கு எஸ்டிஏ, அடுத்ததற்கு எஸ்டிபி, அதற்கடுத்து எஸ்டிசி. யூஎஸ்பி பென்டிரைவும் இதே வரிசைதான். ரேஷன் கடை டோக்கன் மாதிரி: இன்றைக்கு 2-ஆம் நம்பர் வாங்கியவருக்கு நாளைக்கும் அதே நம்பர் கிடைக்கும் என்று யாரும் சொல்ல முடியாது.

கடைசியாக சிஸ்டம்டி, எஃப்எஸ்டேப் என்ற ஃபைலைப் படித்து, எந்தப் பார்ட்டிஷனை எங்கே மவுண்ட் செய்வது என்று பார்க்கும். அதில் நீங்கள் கையால் ‘எஸ்டிபி1’ என்று எழுதியிருந்தால்தான் வம்பு. புது டிஸ்க் வந்ததும் பழையது எஸ்டிசி ஆகிவிட்டது. புதியதில் இன்னும் பார்ட்டிஷனே இல்லை. வராத எஸ்டிபி1-க்காக 90 விநாடி காத்திருந்து, சிஸ்டம்டி எமர்ஜென்சி மோடுக்குப் போய்விடும்.

தீர்வு சுலபம். ரூட் பாஸ்வேர்டு கொடுத்து உள்ளே போய், எஃப்எஸ்டேப்பில் அந்த வரியின் முன்னால் # போட்டுவிட்டு ரீபூட் செய்யுங்கள். பிறகு பிஎல்கேஐடி கட்டளையை ஓட்டினால் ஒவ்வொரு பார்ட்டிஷனின் யூயூஐடி தெரியும். லினக்ஸ் ஃபைல் சிஸ்டங்களில் பொதுவாக இது 128 பிட் எண். ஹைஃபனோடு சேர்த்து 36 எழுத்து. இது ஃபைல் சிஸ்டத்துக்குள்ளேயே எழுதப்பட்டிருப்பதால் எந்த போர்ட்டில் மாட்டினாலும் மாறாது. யூடெவ் இதைப் படித்து, டெவ் டைரக்டரிக்குள் அந்த எண்ணின் பெயரிலேயே ஒரு லிங்க் போட்டு வைக்கும். எஃப்எஸ்டேப்பில் பழைய பெயருக்குப் பதில் இந்த எண்ணை எழுதுங்கள். கூடவே ‘நோஃபெயில்’ என்ற ஆப்ஷனையும் சேர்த்தால், அந்த டிஸ்க் இல்லாத நாளிலும் பூட் நிற்காது. ஆனால் ஒன்று: ஃபார்மேட் செய்தால் யூயூஐடி புதிதாகிவிடும், அப்போது மறுபடி மாற்ற வேண்டும்.

பூட் நிற்பதாவது பரவாயில்லை, சரிசெய்துவிடலாம். நேற்று பென்டிரைவுக்கு இருந்த பெயர் இன்றைக்கு உங்கள் ப்ராஜெக்ட் இருக்கும் டிஸ்க்குக்கு வந்திருந்தால்? ஹிஸ்டரியில் இருக்கும் பழைய ஃபார்மேட் கட்டளையை அப்படியே தட்டினால் நாலு வருஷ உழைப்பும் காலி. அதனால் ஃபார்மேட் செய்யும் முன் ஒவ்வொரு முறையும் எல்எஸ்பிஎல்கே ஓட்டி, டிஸ்க்கின் அளவைப் பாருங்கள். பெயரை நம்பி என்டர் தட்டாதீங்க!